பாட்டில் தன் துயர் காண்டல்: திருவாய்மொழி இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழியை முன்னிட்டு ஒரு விசாரம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்துள்ள தீர்த்தமலை ஒரு சைவத் திருத்தலம். தீர்த்தகிரீசுவரர் எழுந்தருளியுள்ள அம்மலைக்கு அருணகிரிநாதரின் திருப்புகழும் உண்டு. ஆயினும் அதன் தலபுராணம் இராமபிரானைச் சுற்றியே அமைந்திருக்கிறது. இலங்கையினின்று மீளும் வழியில் பெருமாள் அங்கே பூசைக்குக் கங்கை நீர் கொணருமாறு திருவடியை (அனுமனை) அனுப்பினாராம். திருவடி வரக் காலம் தாழ்த்தவே, பெருமாள் அம்பு எய்து மலைப்பாறையிலிருந்து நீரை வருவித்தார். அதுவே இராம தீர்த்தம். பின்னர் நீரோடு வந்து சேர்ந்த திருவடி, தம் உழைப்பு வீணாயிற்றென்று நொந்து குடத்தை வீசியெறிந்தார். அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமந்த தீர்த்தம் என்பர். அதில் நீராடிய பின்னரே மலையேறுவது மரபு. இக்கதையின் தத்துவ விசாரம் இங்கு நம் நோக்கமன்று. மனம் நொந்தவன் வேண்டாவென்று எறிந்த நீரும் தீர்த்தமாயிற்று என்னும் ஒரு செய்தியை மட்டும் நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

அம்மலையடிவாரத்தில் ஓர் அன்பர் திருமாளிகையில் நடைபெற்ற திருவாய்மொழிக் காலக்ஷேபத்தின் முடிவில், கேட்டிருந்தவருள் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை சொன்னார். சில ஆண்டுகளாகத் தமக்கு மனச்சோர்வு நோய் உண்டென்றும், உறக்கம் வாராத இரவுகளில் இரண்டாம் பத்தின் முதல் திருவாய்மொழியைத் தாமே மெல்லச் சொல்லிக்கொள்வதாகவும் கூறி, 'அது என்னைப் பற்றியே பாடியதுபோல் இருக்கிறது. அப்படி எண்ணுவது அபசாரமாகுமோ?' என்று வினவினார். அங்கிருந்தோர் இருவிதமாக விடையிறுத்தனர். ஆழ்வாருடைய விரஹத்தை நம்முடைய வியாதியோடு சேர்த்து நினைக்கலாகாது என்றார் ஒருவர். உமக்கு வந்திருப்பது வியாதியே அன்று, ஆழ்வார் பெற்ற தசையின் ஒரு திவலை. மருந்தை விட்டுப் பாசுரத்தைப் பற்றும் என்றார் மற்றொருவர். முதல் விடை அவரைப் பாட்டினின்று விலக்கிற்று. இரண்டாவது விடை அவரை மருத்துவரிடமிருந்து விலக்கப் பார்த்தது. இரண்டும் நம் பூர்வாசார்யர்களின் வியாக்கியான மரபுக்கு இசையாதவை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அவஸாதம் என்பது யாது?

மனம் சோர்தலைப் பற்றி நம் ஸம்பிரதாயம் ஒன்றும் சொல்லவில்லை என்று பலர் எண்ணுகின்றனர். ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலுள்ள லகுஸித்தாந்தப் பகுதியை நோக்கின் அவ்வெண்ணம் நீங்கும். உபாஸனம் கைகூடுதற்கு வாக்யகாரர் விதித்த ஏழு சாதனங்களை எம்பெருமானார் அங்கே எடுத்துக்காட்டுகிறார். விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. ஆறாவதை விளக்குமிடத்து, அவஸாதம் இன்னதென்று முதலில் இலக்கணம் கூறப்படுகிறது. தேசகாலங்களின் கேட்டினாலும், சோகத்துக்குக் காரணமானவற்றை நினைத்தலாலும் உண்டாகும் தைன்யம். அதனால் மனம் தன் ஒளி குன்றி நிற்றல். இதன் இன்மையே அநவஸாதம். வலிமையற்றவனால் ஆத்மா அடையத்தக்கதன்று என்னும் முண்டகச் சுருதி இதற்குப் பிரமாணமாக வருகிறது.

இவ்விலக்கணத்தில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, அவஸாதத்துக்குக் காரணம் கூறும்போது துன்புறுபவனுடைய பக்தியின் குறைவு அங்கே சொல்லப்படவில்லை. இடமும் காலமும் நினைவுமே சொல்லப்படுகின்றன. இரண்டாவது, அதன் ஸ்வரூபம் ஒளி குன்றல் என்று கூறப்பட்டிருக்கிறது. அழுகையோ புலம்பலோ இலக்கணத்தில் இடம்பெறவில்லை. கண்ணீரே வாராத சோர்வும் இதனுள் அடங்கும். மூன்றாவது, அது நீக்கப்பட வேண்டியது. எத்துணை நுட்பமாக விளக்கினும், அவஸாதத்தை ஒரு பூஷணமாக எம்பெருமானார் காட்டவில்லை. அதை அடுத்து வரும் அநுத்தர்ஷமோ, மகிழ்ச்சியின் மிகையும் இடையூறே என்று கூறி, மனத்தின் மறுகோடியையும் காக்கிறது.

இக்காலத்து மருத்துவர் மனச்சோர்வு நோய்க்குக் கூறும் இலக்கணத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, இரண்டு வாரங்களுக்குக் குறையாது நீடிக்கும் மனவாட்டத்தையும், எதிலும் ஈடுபாடின்மையையும், அவற்றோடு கூடிவரும் சோர்வு, உறக்கக்கேடு, உணவில் வெறுப்பு முதலியவற்றையும் எண்ணுகிறது. வேதாந்த நூலும் மருத்துவ நூலும் வெவ்வேறு பயன் கருதி எழுந்தவை. ஒன்றை மற்றொன்றாக்குதல் முறையன்று. ஆயினும் சுவை அற்று ஒளி மங்கிய மனம் என்னும் இடத்தில் இரண்டும் ஒரே துயரை நோக்கி நிற்கின்றன.

ஆழ்வாருடைய தசை

அவஸாதம் விலக்கத்தக்கதாயின், திருவாய்மொழியெங்கும் கேட்கும் ஆற்றாமை என்ன ஆவது? ஏழாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியை எடுத்துக்கொள்வோம். திருவரங்கத்துப் பெருமானை முன்னிலைப்படுத்தித் திருத்தாயார் தன் மகளின் நிலையைச் சொல்லும் பதிகம் அது. மகள் இரவும் பகலும் உறங்குவதில்லை. பெருகும் கண்ணீரைக் கையால் இறைக்கிறாள். நிலத்தைத் தடவியபடி இருக்கிறாள். வைத்த கை வைத்த இடத்திலும், வைத்த கால் வைத்த இடத்திலுமாக அசைவற்றுப் போகிறாள். பின்பு எழுகிறாள், மயங்குகிறாள், கைகூப்புகிறாள். இவளை என்ன செய்யத் திருவுள்ளம் என்று தாயார் கேட்கிறாள்.

இவ்வடையாளங்களை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் இதை ஒரு நோயாளியின் குறிப்பேடு என்று கொள்ளக்கூடும். ஆழ்வாருக்கே மனச்சோர்வு நோய் என்று புதுமை பேசுவாரும் உண்டு. அவர்கள் பாசுரத்தில் ஒரு பாதியை மட்டும் படித்தவர்கள். அசைவற்றுக் கிடக்கும் அதே மகள், சங்கையும் சக்கரத்தையும் சொல்லிக் கைகூப்புகிறாள். தாமரை போன்ற திருக்கண்களைச் சொல்லித் தளர்கிறாள். உலகத்தில் மற்றெல்லாம் சுவையற்றுப்போக, ஒன்றில் மட்டும் சுவை கரைபுரண்டு நிற்பது அந்நிலை. மனச்சோர்வில் அந்த ஒன்றும் இல்லை. முன்பு உவந்த பாட்டும் கசக்கும். பெற்ற பிள்ளையின் சிரிப்பும் எட்டாது. எம்பெருமான் திருமுன்பு நின்றாலும் நெஞ்சு மரத்துக் கிடக்கும். விரஹத்தில் ருசி மிகுகிறது. அவஸாதத்தில் ருசியே மாய்கிறது. புறத்தே காணும் உறக்கமின்மையும் உடல் வெளுப்பும் ஒன்று. அகத்தே வேர் வேறு.

ஆகவே, ஆற்றாமையும் அவஸாதமும் ஒன்றெனக் கொண்டு மருந்தை விடச் சொன்னவர், இரண்டு பிழைகளை ஒருங்கே செய்தார். ஆழ்வாருடைய பரபக்தியை வியாதியின் வரிசையில் வைத்தார். ஒருவருடைய வியாதியைப் பக்தி என்று பேரிட்டு வளரவிட்டார். பின்னதன் தீங்கு உயிரளவும் செல்லும்.

வியாக்கியாதாக்கள் இவ்விடத்தில் எத்துணை அடக்கம் காத்தனர் என்பதற்கு ஈட்டில் வழங்கும் ஐதிஹ்யம் ஒன்று சான்று. இத்திருவாய்மொழியை அருளிச்செய்யப் புகும்போது பட்டர் திருமுடியிலே கையை வைத்துக்கொண்டு, ஆழ்வாருக்கு ஓடுகிற தசையை அறியாத நாம் இதற்கு என்ன சொல்லிவிட முடியும் என்று இருந்துவிடுவாராம். பிறருடைய துயரை 'எனக்குத் தெரியும்' என்று எளிதில் சொல்லாமை உரைகாரர்க்கு முதல் இலக்கணம். நோயுற்றவர் முன்னிலையில் நமக்கும் அதுவே இலக்கணமாதல் வேண்டும்.

நாரை கண்ட நாயகி

இவ்வளவும் முதல் விடை சொன்னவருக்கே சாதகமாகத் தோன்றக்கூடும். ஆழ்வாருடைய தசை வேறு, நம் வியாதி வேறு என்றாயின், அன்பர் அப்பாட்டில் தம்மைக் கண்டது பிழைதானே எனலாம். இதற்கு விடை அத்திருவாய்மொழியிலேயே உள்ளது.

பராங்குச நாயகி கடற்கரைச் சோலையில் இருக்கிறாள். கண்ணுக்கு இலக்கான பொருள்களை ஒவ்வொன்றாக நோக்குகிறாள். நாரை, அன்றில், கடல், காற்று, மேகம், மதி, இருள், கழி, விளக்கு என ஒன்பது. ஒவ்வொன்றிடமும், நீயும் என்னைப்போல் நெஞ்சு பறிகொடுத்தாயோ என்று கேட்கிறாள். நாரையின் வெளுப்பு அவளுக்குப் பசலையாகப் படுகிறது. அதன் விழிப்பு உறங்காத நோவாகப் படுகிறது. கடலின் ஓயாத ஒலி இரவும் பகலும் துஞ்சாதவரின் புலம்பல். மதியின் தேய்வு நம்பி ஏமாந்தவரின் மெலிவு. விளக்கு உள்ளிருந்து உலர்ந்து எரியும் ஓர் ஆவி.

உள்ளபடி நோக்கின், நாரை பிறவியிலேயே வெள்ளை. அது விழித்திருப்பது மீனுக்காக. கடல் ஒலிப்பதும் மதி தேய்வதும் அவற்றின் இயல்பு. நாயகி கண்டது அடையாள ஒற்றுமையை. வேரின் ஒற்றுமையை அன்று. நோயுற்ற அன்பர் ஆழ்வார் பாசுரத்தில் தம்மைக் கண்டதும் இவ்வாறே. ஆழ்வாருடைய உறக்கமின்மைக்கும் அவருடைய உறக்கமின்மைக்கும் வேர் வேறு, அடையாளம் ஒன்று. அப்பாட்டின் நாயகி நாரையிடம் எதைச் செய்தாளோ, அதையே அவர் அப்பாட்டினிடம் செய்தார். அதை அபசாரம் என்று தள்ளுவோமாயின் நாயகியின் வார்த்தையையும் தள்ள வேண்டியதாகும். வியாக்கியாதாக்கள் அதைத் தள்ளவில்லை. துயர் முற்றியவர்க்குக் கண்ட பொருளெல்லாம் தம்மோடொத்த இழவாளராகத் தோன்றும் என்று அதன் நியாயத்தையே எடுத்துரைத்தனர்.

இங்கே இன்னொன்றும் ஒப்புநோக்கத்தக்கது. முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழியிலும் நாயகி நாரையை விளிக்கிறாள். அங்கே அந்நாரை தன் துணையோடு கூடி இருக்கிறது. அவளுக்குத் தூது செல்ல வல்லதாகவும் இருக்கிறது. இரண்டாம் பத்தில் அதே இனத்துப் பறவை வெளுத்து, உறங்காமல், தூது செல்லும் வலிமையற்றுத் தோன்றுகிறது. மாறியது நாரை அன்று. நோவு சிறிதாயிருந்தபோது பிறரிடம் உதவி கேட்க முடிந்தது. நோவு முற்றியபோது உதவி செய்யவல்லவர் ஒருவரும் உலகில் இல்லை என்று தோன்றிவிட்டது. மனச்சோர்வுற்றவர் ஏன் உதவி நாடுவதில்லை என்று வியப்பவர்கள் இவ்விரு பாசுரங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தல் நன்று.

ஆயின் திருவாய்மொழி அங்கே நின்றுவிடவில்லை. 'நீயும் என்னைப்போலோ' என்று கேட்பவள் தன் துயரை மட்டும் நோக்கியிருப்பவள் அல்லள். கடலுக்காக இரங்கி அதை வாழ்த்தவும் செய்கிறாள். தன் நோவினால் உள்ளே அடைபட்டுக் கிடந்தவளை, பொய்யாய்க் கண்ட ஒற்றுமையே மெய்யான இரக்கத்தில் கொண்டு சேர்க்கிறது. ஒன்பது பேர் துணையானபின், பத்தாம் பாசுரத்தில் அவள் முகம் திரும்புகிறது. கேசியின் வாயைப் பிளந்தவனை, மருதிடை போனவனை, மண்ணளந்தவனை நேர்நோக்கி, இனிக் கைவிடாதே என்று வேண்டுகிறாள். அவ்வேண்டுகோள் தன்மைப் பன்மையில் அமைந்திருக்கிறது. ஆழ்வார் தம்மைப் பன்மையில் சொல்லுதல் வழக்கமே ஆயினும், ஒன்பது இழவாளரையும் தன்னோடு சேர்த்துக்கொண்டே அவள் வேண்டினாள் என்று இங்கே படிக்க இடமுண்டு.

எனவே பாட்டில் தன் துயர் காண்டலுக்கு இத்திருவாய்மொழி ஒரு முறையை வகுத்துத் தருகிறது. முதலில் துணை கிடைக்கிறது. பின்பு இரக்கம் பிறக்கிறது. முடிவில், தீர்க்கவல்லவனை நோக்கிக் குரல் எழுகிறது. ஒன்பதாம் பாசுரத்தோடு நின்றுவிட்டால், உலகமே நோவாய்ப் போனதுதான் மிச்சம். பத்தாவதுக்குச் சென்றால்தான் பாட்டு முடிகிறது.

சிம்சுபா மரத்தின் பாட்டு

துயரில் ஆழ்ந்த ஒருவர் தம் கதையைப் பிறர் வாயில் கேட்டு உயிர்தரித்ததற்கு ஸ்ரீராமாயணத்தினும் சிறந்த சான்று இல்லை. அசோகவனத்தில் பிராட்டி தன் சடையையே சுருக்காக்கி உயிரைவிடத் துணிந்த வேளை அது. மேலே மரத்தில் மறைந்திருந்த திருவடியோ, சற்று முன்புவரை தாமே அந்நிலையில் இருந்தவர். இலங்கை முழுதும் தேடியும் காணாமையால் தாமும் உயிர் துறக்க எண்ணி, பிழைத்திருந்தால் அன்றோ நன்மையைக் காணலாம் என்று தேறினவர். நிர்வேதம் கொள்ளாமையே திருவுக்கு மூலம் என்று அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டது சுந்தரகாண்டத்தின் உயிர்நாடி.

அவர் செய்தது யாது? எந்த மொழியில் பேசினால் பிராட்டி அஞ்சாமல் கேட்பாள் என்று முதலில் ஆராய்ந்தார். பண்டிதர் மொழியில் பேசின் இராவணனோ என்று அஞ்சுவாள் என எண்ணி, மனிதர் வழங்கும் எளிய மொழியைத் தேர்ந்தார். அழவேண்டா என்று உபதேசிக்கவில்லை. தசரத சக்கரவர்த்தி தொடங்கி அவளுடைய கதையையே இனிமையாகச் சொன்னார். பிராட்டி நிமிர்ந்து பார்க்கிறாள். இது கனவோ என்று ஐயுறுகிறாள். உடனே, சோகத்தால் உறக்கமே அற்ற எனக்குக் கனவு ஏது என்று தெளிகிறாள். உறக்கமின்மை இங்கும் வருகிறது. ஆயின் அதுவே, கேட்ட சொல் மெய்யென்பதற்குச் சாதனமாகிவிடுகிறது.

திருவடியின் சொல் பிராட்டியின் கையைத் தடுத்தது, சிறையை உடைக்கவில்லை. அதை உடைக்கப் பெருமாளே கடல் கடந்து வரவேண்டியிருந்தது. திருவடியும், பாடியாயிற்று என்று இருந்துவிடாமல், கணையாழியைக் கொடுத்து, அவள் அடையாளத்தைப் பெற்று, செய்தி சொல்ல விரைந்தார். பாட்டின் எல்லையை இதனினும் தெளிவாகக் காட்ட வேறு வேண்டா. அது உயிரைப் பற்றிநிறுத்தும் சொல். மீட்பதற்கு வேறு கையும் வேண்டும்.

ஆளவந்தாரும் ஓர் இழப்பும்

பாசுரத்தைத் தமக்கே சொன்னதாகக் கொள்ளுதல் நம் ஆசார்யர்களிடமும் உண்டு. திருவரங்கப்பெருமாளரையர் பத்தாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியைப் பாடுகையில், திருவனந்தபுரத்துக்கு நடக்கச் சொல்லும் இடத்தில் ஆளவந்தாரின் திருமுகம் நோக்கிப் பாடினார். அது தமக்கே இட்ட ஆணையென்று கொண்டு ஆளவந்தார் உடனே புறப்பட்டார். திருவனந்தபுரம் சேர்ந்தபின், யோகரஹஸ்யத்தை உபதேசிப்பதற்காகக் குருகைக்காவலப்பன் குறித்துக் கொடுத்திருந்த நாள் அன்றே என்று கண்டு, பறந்து செல்ல ஒரு புஷ்பக விமானம் இல்லையே என்று வருந்தினார். குருபரம்பரைப் பிரபாவம் இதை மறைக்காமல் சொல்கிறது.

இவ்வரலாற்றைப் பொதுவாக, பாசுரத்தில் ஆளவந்தாருக்கிருந்த ஈடுபாட்டைக் காட்டவே எடுப்பர். அதில் வேறொரு பாடமும் உண்டு. பாட்டைத் தமக்கென்று கேட்பது மெய்யான பேறு. அப்பேறு வேறொரு நாளை, வேறொரு கடமையை மறக்கச்செய்யவும் கூடும். ஆளவந்தாருக்கே அந்த இழவு நேர்ந்ததெனின், மருத்துவர் குறித்த நாளைப் பாசுரத்தின்பேரில் தவறவிடுபவர்க்கு என்ன நேரும் என்று சொல்லவேண்டா.

முடிவாக

அன்பரின் வினாவுக்கு நாம் சொல்லக்கூடிய விடை இது. அப்பாட்டு உம்மைப் பற்றியதாக உமக்குத் தோன்றுவது அபசாரமன்று; நாயகிக்கு நாரை எவ்வாறோ அவ்வாறே உமக்கு அப்பாட்டு. உறக்கம் வாராத இரவில் நாரையும் கடலும் விளக்கும் உம்மோடு விழித்திருப்பதாக எண்ணி அதைச் சொல்லிக்கொண்டிரும். ஆயின் உமக்கு வந்திருப்பது ஆழ்வாருடைய தசை என்று யார் சொன்னாலும் கொள்ளற்க. அது அவஸாதம். எம்பெருமானார் அதை நீக்கத்தக்கதாகவே வைத்தார். நீக்கும் வழியைத் தேடுதல் பக்திக்குக் குறைவாகாது. உபாஸனத்துக்கு அங்கமான ஒன்றை நாடுதலே ஆகும். மருந்துண்பதும், மருத்துவரிடம் வாய்திறந்து சொல்வதும், அக்கணமே ஒரு குரல் வேண்டின் அரசின் டெலி மானஸ் 14416 எண்ணை அழைப்பதும் பத்தாம் பாசுரத்தின் திசையிலேயே அமைந்தவை. மனநலச் சிகிச்சை பெறுதலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒவ்வொருவர்க்கும் உரிமையாக்கியிருக்கிறது. அதை நாணத்துக்குரியதாகப் பேசுதல் இனி நம் கோஷ்டிகளில் ஒழிய வேண்டும்.

காலக்ஷேபம் செய்வோர்க்கும் ஒரு விண்ணப்பம். பாசுரத்தைக் கேட்டுக் கண்ணீர் விடுபவரையெல்லாம் பக்தர் என்று மகிழ்ந்துவிடாமல், அவர் உண்டாரா, உறங்கினாரா என்று ஒருமுறை கேட்டறிதல் நன்று. திருத்தாயார் தன் மகளிடம் முதலில் கண்டது அவள் கண் துயிலாமையையே.

அன்று விடைபெறும்போது அவ்வன்பர், மறுநாள் அனுமந்த தீர்த்தத்துக்குப் போவதாகச் சொன்னார். காலம் தாழ்ந்து வந்து, வேண்டாததாயிற்று என்று நொந்தவர் எறிந்த நீர் அது. அதில் முழுகாமல் மேலே ஏறுவார் இல்லை.